சிறு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் சேவை: வாங்குவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனம் மின்னஞ்சல் சேவை வாங்க வரும்போது முதலில் கேட்பது, "ஒரு ஆளுக்கு மாதம் எவ்வளவு?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சிறு நிறுவனங்களின் மின்னஞ்சலைக் கவனிப்பதையே பிழைப்பாகக் கொண்ட நான், விலை கட்டுப்படியாகாமல் நொந்தவர்களைவிடச் சாவி யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் நொந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் கீழே உள்ள பதில்கள் பலவும் அந்தப் பக்கமே சாயும்.

ஜிமெயில் இலவசமாகக் கிடைக்கிறதே, காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

தனி ஆளாகத் தொழில் செய்கிறவருக்கு இலவசக் கணக்கு ஓரளவு ஓடும். இரண்டாவது ஆள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சிக்கல்தான். அவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு எழுதுவார். விலகும்போது அந்தக் கடிதங்களும் தொடர்புகளும் அவரோடு போய்விடும். கடவுச்சொல் மறந்தால் மாற்றிக் கொடுக்க நிர்வாகி என்று யாரும் இருக்க மாட்டார். கணக்கு முடங்கினால் பேச ஆள் கிடையாது. படிவத்தை நிரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

சொந்த டொமைனில் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) முகவரி இருந்தால் மரியாதை கூடும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது சின்னக் காரணம். டொமைன் உங்களுடையதாக இருந்தால் சேவை நிறுவனத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், முகவரி மாறாது. வேறு ஒருவருடைய டொமைனில் முகவரி வைத்திருப்பவருக்கு அந்த வழியே இல்லை. விசிட்டிங் கார்டிலும் வங்கிப் பதிவிலும் வாடிக்கையாளரின் தொலைபேசியிலும் ஏறிவிட்ட முகவரியை மாற்றுவது எத்தனை ஆண்டு வேலை என்று மாற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சொந்தமாக ஒரு சர்வர் வைத்துக்கொண்டால் மாதச் சந்தா மிச்சமாகுமே?

மிச்சமாகாது. சந்தாவுக்குப் பதில் ஆள் சம்பளமும் தூக்கமும் போகும். 2021 மார்ச்சில் அலுவலகங்கள் சொந்தமாக மின்னஞ்சல் நடத்தப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர் என்ற மென்பொருளில் இருந்த பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே தெரிந்தபோது, உலகம் முழுவதும் பல்லாயிரக்கணக்கான அலுவலகச் சர்வர்களுக்குள் ஆட்கள் நுழைந்திருந்தார்கள். அதே மென்பொருளின் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இதெல்லாம் போக, புதிதாகத் தொடங்கும் சர்வரின் ஐபி முகவரிக்கு (இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்) மற்ற மின்னஞ்சல் நிறுவனங்களிடம் நற்பெயர் இருக்காது. அனுப்புகிற கடிதம் பாதி ஸ்பாமில் விழும். மின்னஞ்சல் நடத்துவதே உங்கள் தொழில் என்றால் ஒழிய, இதை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

அப்படி விட்டால் கவலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2022 டிசம்பரில் ரேக்ஸ்பேஸ் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்காக எக்ஸ்சேஞ்சை நடத்திவந்த ஹோஸ்டட் எக்ஸ்சேஞ்ச் சேவையை ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல்) தாக்கியது. அந்தச் சேவை மறுபடியும் எழவே இல்லை. வாடிக்கையாளர்களை மைக்ரோசாஃப்டே நடத்தும் மைக்ரோசாஃப்ட் 365 சேவைக்கு அனுப்பிவைத்தார்கள். பழைய கடிதங்கள் கைக்கு வர வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. டொமைன் தங்கள் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் வேறிடத்தில் கணக்குத் திறந்து புதிய கடிதங்களையாவது பெற ஆரம்பிக்க முடிந்தது.

இணையதளத்துக்கு வாங்கிய ஹோஸ்டிங்கிலேயே (தளத்தை வைக்க வாடகைக்கு எடுத்த சர்வர் இடம்) மின்னஞ்சலும் வருகிறது. அதையே பயன்படுத்தலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே நூற்றுக்கணக்கான இணையதளங்கள் ஒரே சர்வரிலிருந்து, ஒரே ஐபி முகவரியிலிருந்து கடிதம் அனுப்பும். அவற்றில் ஒன்று ஸ்பாம் அனுப்பினாலும் தண்டனை எல்லோருக்கும் விழும். இன்னொன்று: பழைய பிளகின் (இணையதளத்தோடு சேர்க்கும் துணை நிரல்) வழியாக உங்கள் இணையதளத்துக்குள் யாராவது புகுந்தால், அதே இடத்தில்தான் உங்கள் கடிதங்களும் இருக்கும். இணையதளம் ஓரிடம், மின்னஞ்சல் ஓரிடம் என்று பிரித்து வைத்தால் ஒன்றை மாற்றும்போது மற்றது ஆடாது.

டொமைன் யார் பெயரில் இருக்க வேண்டும்?

நிறுவனத்தின் பெயரில், உரிமையாளர் உள்நுழையக்கூடிய கணக்கில். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? இணையதளம் செய்து கொடுத்தவரே "நான் வாங்கித் தந்துவிடுகிறேன்" என்று தன் கணக்கில் டொமைனைப் பதிவு செய்துவிடுகிறார். அவரிடம் கெட்ட எண்ணம் ஏதும் இருக்காது, வசதிக்காகத்தான். நான்கு ஆண்டுகள் கழித்து அவர் தொழிலை விட்டுவிடுகிறார் அல்லது உங்களோடு மனக்கசப்பு வருகிறது. அப்போதுதான் தெரியும், உங்கள் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர் காகிதத்தில் உங்களுடையது இல்லை என்று. இன்றே பதிவாளரின், அதாவது டொமைனை விற்ற நிறுவனத்தின், தளத்தில் நுழைந்து பாருங்கள். நுழைய முடியவில்லை என்றால் மின்னஞ்சல் சேவை தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

நுழைய முடிகிறதா? அடுத்து, பதிவாளர் கணக்கின் தொடர்பு முகவரியைப் பாருங்கள். அது அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் மின்னஞ்சல் நின்றுவிடும். "காலாவதியாகிவிட்டது, பணம் கட்டுங்கள்" என்ற எச்சரிக்கையும் நின்றுபோன அதே முகவரிக்கு வரும். வெளியே ஒரு தனி முகவரி கொடுங்கள்.

தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டிருந்தாலும், அதில் கொடுத்த கடன் அட்டையின் காலம் முடிந்திருந்தால் பயனில்லை. டாட் காம் போன்ற டொமைன்கள் காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அதற்குக் கட்டணம் பல மடங்கு. அதுவும் கடந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அப்படி வாங்குகிறவர் அந்த டொமைனுக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் ஒரே பெட்டியில் பெறும்படி அமைத்துவிட்டு, உங்கள் பெயரில் இருக்கும் மற்றச் சேவைகளில் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் போதும். தொழிலை மூடியவர்கள்கூடப் பழைய டொமைனைச் சில ஆண்டுகள் விடாமல் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கூகுள், மைக்ரோசாஃப்ட், ஸோஹோ, ஃபாஸ்ட்மெயில், புரோட்டான்... எதை எடுப்பது?

உங்கள் ஆட்கள் நாள் முழுவதும் எதில் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள், பாதிப் பதில் அதில் இருக்கிறது. எக்செல் கோப்புகளில் மூழ்கிக் கிடக்கும் கணக்குப் பிரிவு இருந்தால் மைக்ரோசாஃப்ட் 365. எல்லாமே பிரவுசரில், ஒரே ஆவணத்தை நான்கு பேர் ஒரே நேரத்தில் திருத்துகிற இடம் என்றால் கூகுள் வொர்க்ஸ்பேஸ். அலுவலக மென்பொருள் வேறாக இருக்கிறது, நல்ல மின்னஞ்சலும் நாட்காட்டியும் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஸோஹோ மெயிலோ ஃபாஸ்ட்மெயிலோ குறைந்த செலவில் முடியும். வழக்கறிஞர், மருத்துவர் போன்று ரகசியம் காக்க வேண்டியவர்கள் புரோட்டானைக் கேட்பார்கள். அதில் கடிதங்கள் குறியாக்கம் செய்யப்பட்டு இருப்பதால், அவுட்லுக் போன்ற மேசைக்கணினி மென்பொருளில் படிக்க 'பிரிட்ஜ்' என்ற தனி நிரலைக் கணினியில் ஓட்ட வேண்டும். வாங்கிய பிறகு இதைக் கேள்விப்பட்டு முகம் சுளிப்பவர்கள் நிறைய.

உள்ளதைச் சொன்னால், இவற்றில் எதை எடுத்தாலும் தொழில் நடக்கும். ஒப்பீட்டு அட்டவணைகளை இரவெல்லாம் படிக்கும் நேரத்தை டொமைனைச் சரிபார்ப்பதில் செலவிடுவது மேல்.

இன்ஃபோ, சேல்ஸ், அக்கவுண்ட்ஸ் என்று முகவரிகளுக்கெல்லாம் தனித்தனிச் சந்தா கட்ட வேண்டுமா?

தேவையில்லை. ஒருவர் மட்டும் பார்க்கும் முகவரி என்றால் மாற்றுப்பெயராக அவர் கணக்கிலேயே சேர்க்கலாம். கூகுளில் ஒரு பயனருக்கு 30 மாற்றுப்பெயர்கள் வரை இலவசம். பலர் பார்க்க வேண்டியது என்றால் மைக்ரோசாஃப்டில் பகிர்வு அஞ்சல்பெட்டி இருக்கிறது, 50 ஜிபி வரை தனி உரிமம் வேண்டாம். கூகுளில் குழு முகவரி அமைக்கலாம்.

ஒரே கணக்கின் கடவுச்சொல்லை நான்கு பேர் பகிர்ந்துகொள்வதுதான் கூடாது. யார் அனுப்பினார்கள் என்று தெரியாது. கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக் குறியீடு ஒருவரின் தொலைபேசிக்குத்தான் போகும் என்பதால், அந்த வசதியையே அணைத்துவிடுவார்கள்.

சேமிப்பிடம் எவ்வளவு வேண்டும்?

வரைபடங்களும் படங்களும் அனுப்புகிற தொழில் அல்ல என்றால், பெரிய நிறுவனங்களின் அடிப்படைத் திட்டமே பல ஆண்டுகள் தாங்கும். பலரும் தவறாகப் புரிந்துகொள்வது கடிதத்தோடு இணைக்கும் கோப்பின் அளவைத்தான். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. ஆனால் இணைக்கும் கோப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கிறது. அதில் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருகும். ஆகவே 20 எம்பி கோப்பே திரும்பி வந்துவிடலாம். பெரிய கோப்பை இணையச் சேமிப்பில் ஏற்றிவிட்டு அதன் லிங்கை அனுப்பப் பழகுங்கள்.

எங்கள் கடிதங்கள் ஸ்பாமுக்குப் போகின்றன. வேறு நிறுவனத்துக்கு மாறினால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது, ஏனென்றால் கோளாறு உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் (டொமைனின் கடிதம் எங்கே போக வேண்டும், யார் அனுப்பலாம் என்றெல்லாம் வெளியே சொல்லும் பட்டியல்) இருக்கிறது. அங்கே மூன்று பதிவுகள் சரியாக இருக்க வேண்டும். எஸ்பிஎஃப், உங்கள் டொமைன் சார்பில் எந்தெந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகேஐஎம், ஒவ்வொரு கடிதத்திலும் இடப்படும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுத் திறவுகோல். டிமார்க், இந்த இரண்டில் ஒன்றாவது தேர்ச்சி பெற்று, அது 'அனுப்புநர்' வரியில் தெரியும் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லும் விதி.

கடைசியில் சொன்ன பொருத்தம்தான் பலரைக் கவிழ்க்கிறது. நீங்களே பார்க்கலாம். உங்கள் பில்லிங் மென்பொருளிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஓர் இன்வாய்ஸ் அனுப்புங்கள். கடிதத்தைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவிலிருந்து அதன் மூல வடிவத்தைப் பாருங்கள். மேலே ஒரு சிறு அட்டவணை வரும். எஸ்பிஎஃப், பாஸ். டிகேஐஎம், பாஸ். டிமார்க், ஃபெயில். இரண்டு பாஸ் ஆகியும் மூன்றாவது ஏன் தோற்றது? பக்கத்தில் இருக்கும் டொமைன் பெயரைப் படியுங்கள்: தேர்ச்சி பெற்றது பில்லிங் நிறுவனத்தின் டொமைன், உங்களுடையது அல்ல. அந்த மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய் உங்கள் டொமைனுக்கான டிகேஐஎம்-ஐ இயக்கினால் தீர்ந்துவிடும். இதைத் தெரியாமல் மின்னஞ்சல் நிறுவனத்தை மாற்றியவர்களுக்கு, மாறிய இடத்திலும் இன்வாய்ஸ் ஸ்பாமுக்குத்தான் போயிருக்கும்.

எஸ்பிஎஃப்-இல் ஒரு வரம்பு உண்டு. அதைச் சரிபார்க்கப் பத்து டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் தேவைப்பட்டால் பதிவே செல்லாமல் போகும். கண்ணில் பட்ட சேவையையெல்லாம் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். சரிபார்ப்பில் தோற்ற கடிதத்தை என்ன செய்வது என்றும் டிமார்க்கில் சொல்லலாம்; அதை எடுத்த எடுப்பில் 'நிராகரி' என்று வைக்க வேண்டாம். முதலில் 'கண்காணி' நிலையில் வைத்துச் சில வாரங்கள் அறிக்கைகளைப் பார்த்து, விட்டுப்போன சர்வர்களைச் சேர்த்த பிறகு இறுக்குங்கள்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இந்தப் பதிவுகளைக் கட்டாயமாக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்பும் டொமைனுக்கு மூன்றும் வேண்டும். விளம்பரக் கடிதமானால் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. குறைவாக அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். விளம்பரக் கடிதங்களை எப்போதும் ஒரு துணை டொமைனிலிருந்து (உங்கள் டொமைனுக்கு முன்னால் இன்னொரு சொல் சேர்த்த பெயர்), அதற்கென்று உள்ள சேவை வழியாக அனுப்புங்கள். தள்ளுபடி அறிவிப்புக்கு விழும் கெட்ட பெயர் இன்வாய்ஸைத் தொடக் கூடாது.

"99.9 சதவீதம் இயங்கும்" என்ற உத்தரவாதம் நல்லதுதானே?

மாதத்துக்கு ஏறத்தாழ 43 நிமிடம் நிற்கலாம் என்பதுதான் அதன் பொருள். அதற்கு மேல் நின்றால் கிடைப்பது சந்தாவில் கொஞ்சம் கழிவு. கைவிட்டுப்போன ஆர்டருக்கு யாரும் ஈடு தர மாட்டார்கள். இந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எங்களைப் போன்ற சின்ன இடத்தை யார் தாக்கப் போகிறார்கள்?

சின்ன இடங்களைத்தான் தாக்குகிறார்கள், ஏனென்றால் அங்கே பணம் அனுப்புகிறவரும் ஒப்புதல் தருகிறவரும் ஒரே ஆள். வணிக மின்னஞ்சல் மோசடியால் 2023-இல் மட்டும் 290 கோடி டாலர் இழப்பு என்று அமெரிக்காவின் எஃப்பிஐ தனக்கு வந்த புகார்களை வைத்துக் கணக்குச் சொன்னது.

நடப்பது இதுதான். போலி உள்நுழைவுப் பக்கம் ஒன்றில் கணக்காளர் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுகிறார். திருடியவர் அன்று எதையும் செய்வதில்லை, உட்கார்ந்து படிக்கிறார். யார் எப்போது எவ்வளவு கட்டுகிறார்கள், உங்கள் கடிதங்கள் எப்படி முடியும், கையெழுத்துக்குக் கீழே என்ன இருக்கும் எல்லாம் பார்த்துக்கொள்கிறார். பிறகு அஞ்சல்பெட்டியில் ஒரு விதி எழுதுகிறார்: 'இன்வாய்ஸ்', 'வங்கி' என்ற சொல் உள்ள கடிதம் வந்தால் படித்ததாகக் குறித்து 'ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்' ஃபோல்டருக்கு நகர்த்து. அவுட்லுக்கில் யாரும் திறக்காத ஃபோல்டர் அது. அடுத்த பெரிய பில் போகும் நாளில், அதே கடிதத் தொடரில், அதே முகவரியிலிருந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் போகிறது. அவர் சந்தேகப்பட்டுக் கேட்டு எழுதினாலும் அது நேராக அந்த ஃபோல்டருக்குத்தான் போகும்.

ஆகவே திட்டத்தை ஒப்பிடும்போது சேமிப்பிட எண்ணைவிட இவற்றைக் கேளுங்கள்: இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை நிர்வாகி எல்லோருக்கும் கட்டாயமாக்க முடியுமா? வெளி முகவரிக்குத் தானாக அனுப்பும் வசதியைத் தடுக்க முடியுமா? எந்த ஊரிலிருந்து யார் நுழைந்தார்கள் என்ற பதிவு அந்த விலைக்குள் கிடைக்குமா? சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ் குறியீட்டைவிடப் பாஸ்கீயோ (கடவுச்சொல்லுக்குப் பதில் உங்கள் சாதனமே தரும் சாவி) வன்பொருள் சாவியோ (கணினியில் செருகும் சிறு கருவி) பல மடங்கு மேல். போலிப் பக்கத்தில் அவை வேலையே செய்யாது. வங்கிக் கணக்கு மாற்றம் என்று எந்தக் கடிதம் வந்தாலும், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணில் தொலைபேசியில் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது. இதற்கு எந்தச் சந்தாவும் கட்ட வேண்டாம்.

கடிதங்களை அவர்களே பாதுகாப்பார்கள் இல்லையா? தனி பேக்கப் எதற்கு?

அவர்கள் தங்கள் சர்வர் எரிந்தால் காப்பார்கள். உங்கள் ஆள் அழித்தால் காக்க மாட்டார்கள். ஜிமெயில் குப்பைத்தொட்டி 30 நாளில் காலியாகும்; நிர்வாகி மேலும் 25 நாள் மீட்கலாம், அதோடு சரி. பயனரையே நீக்கிவிட்டால் கூகுளில் 20 நாள், மைக்ரோசாஃப்டில் 30 நாள் அவகாசம். வரி, வழக்கு என்று பல ஆண்டு கழித்துக் கடிதம் தேட வேண்டியிருக்கும் தொழிலுக்கு இது போதாது. வேறு நிறுவனத்தின் பேக்கப் சேவை ஒன்றை எடுங்கள். எடுத்த வாரமே ஓர் அஞ்சல்பெட்டியை அதிலிருந்து மீட்டுப் பாருங்கள்.

தொலைபேசி, சாட், காணொளிக் கூட்டம் எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கலாமா?

சாட்டும் கூட்டமும் மின்னஞ்சல் திட்டத்தோடு சேர்ந்தே வருகின்றன. சிறு நிறுவனத்துக்கு அதுவே போதும். தனியாக இலவசக் கருவி தேடுகிறவர்கள் வரம்புகளைப் படியுங்கள். ஸ்லாக் என்ற சாட் கருவியின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகள்தான் தெரியும். ஜூம் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். சாட் பேச்சு நிலைக்கும் என்று நம்பி முக்கியமான ஒப்புதல்களை அதில் விடாதீர்கள். உலகமே பயன்படுத்திய ஸ்கைப் 2025 மே 5-ஆம் தேதி மூடப்பட்டது.

தொலைபேசி வேறு கதை. இணைய வழித் தொலைபேசிக்கு அதிவேக இணைய இணைப்பு தேவை என்ற பயம் வேண்டாம்; வழக்கமான ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டல் தரவாக மாற்றும் முறை) ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்கு 90 கிலோபிட் அளவுதான் ஆகும். குரல் துண்டு துண்டாக விழுவதற்குக் காரணம் தாமதத்தின் ஏற்ற இறக்கம்: ஒருவர் பெரிய கோப்பை மேலேற்றும்போது குரல் பாக்கெட்டுகள் (குரலைச் சுமக்கும் தரவுத் துண்டுகள்) வரிசையில் மாட்டிக்கொள்கின்றன. குரலுக்கு முன்னுரிமை தரும் ரவுட்டர் இருந்தால் சரியாகும். மின்சாரம் போனால் தொலைபேசியும் போகும் என்பதை நினைவில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணை விலகும்போது எடுத்துச் செல்ல முடியுமா என்று எழுத்தில் வாங்குங்கள். டொமைனுக்குச் சொன்னதேதான் தொலைபேசி எண்ணுக்கும்.

பழைய சேவையிலிருந்து மாறும்போது கடிதம் தொலையுமா?

ஒழுங்காகச் செய்தால் தொலையாது. மாறுவதற்கு இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ்-இல் எம்எக்ஸ் பதிவின் (கடிதங்கள் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) டிடிஎல் மதிப்பை (பழைய விவரத்தை மற்றச் சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். மாற்றம் வேகமாகப் பரவும். புதிய கணக்குகளை எல்லாம் திறந்த பிறகே எம்எக்ஸ் பதிவை மாற்றுங்கள். பழைய சேவையை உடனே நிறுத்தாமல் ஒரு மாதம் வைத்திருங்கள்.

தொல்லை வரும் இடம் மனிதர்களின் அஞ்சல்பெட்டி அல்ல. ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பும் பிரதி இயந்திரம், இணையதளத்தின் தொடர்புப் படிவம், இரவில் அறிக்கை அனுப்பும் கணக்கு மென்பொருள், கேமரா எச்சரிக்கை என்று எத்தனையோ பழைய கடவுச்சொல்லோடு மௌனமாக அனுப்பிக்கொண்டிருக்கும். வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பழைய முறையைப் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடிவருவதால், பழைய இயந்திரங்கள் புதிய இடத்தில் நுழைய முடியாமல் நிற்கலாம். இந்தப் பட்டியலை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். படிவம் வேலை செய்யவில்லை என்று யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். விசாரணைகள் வருவது நின்றிருக்கும், அவ்வளவுதான்.

மறுவிற்பனையாளர் மூலம் வாங்கலாமா, நேரடியாக வாங்க வேண்டுமா?

அவசரத்துக்குத் தொலைபேசியை எடுத்துப் பேசும் நல்ல மறுவிற்பனையாளர் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். பெரிய நிறுவனங்களின் உதவி மையத்தில் அந்த வேகம் கிடைக்காது. ஆனால் தலைமை நிர்வாகிக் கணக்கு ஒன்று உங்கள் கையிலும் இருக்க வேண்டும். "பாதுகாப்புக்காக நாங்களே வைத்திருக்கிறோம்" என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். அந்தக் கணக்கைத் தினசரி கடிதம் பார்க்கப் பயன்படுத்தாமல் தனியாக வைத்து, மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் அச்சிட்டுப் பூட்டி வையுங்கள்.

விலை பேசும்போது ஆண்டு ஒப்பந்தம் மலிவாகத் தெரியும். மைக்ரோசாஃப்டின் ஆண்டுச் சந்தாவில் முதல் ஏழு நாட்களுக்குப் பிறகு ரத்து செய்யவோ ஆள் எண்ணிக்கையைக் குறைக்கவோ முடியாது. கூட்டலாம், குறைக்க முடியாது. பருவத்துக்கு ஏற்ப ஆட்கள் கூடிக் குறையும் தொழில் என்றால், நிலையாக இருக்கும் ஆட்களுக்கு ஆண்டுச் சந்தாவும் மற்றவர்களுக்கு மாதச் சந்தாவும் எடுங்கள். இரண்டையும் ஒரே கணக்கில் கலந்து வைத்துக்கொள்ளலாம். விற்பனையாளர் தானாக இதைச் சொல்ல மாட்டார், கேட்டால் செய்து தருவார்.